புது மடிக்கணினியில் கறை: குறை கையிலா, பொருளிலா?



லப்டொப் என்று நாம் சொல்லும் மடிக்கணினி இன்று அன்புவழிபுரம் போன்ற இடங்களில் சாதாரண வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. 2020 மார்ச் மாதத்தில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, வகுப்புகள் தொலைபேசிக்குள் போனபோதுதான் எம்மில் பலர் இதனை முதன்முதலாக யோசித்தோம். 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்தது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் 360 ரூபா வரை போனது. இறக்குமதிப் பொருள் எல்லாவற்றுக்கும் நெருப்பு விலை. அதற்குப் பிறகு ஒரு தாய் தன் பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என்றால் அதன் பின்னால் அடகு வைத்த ஒரு சோடிக் காப்போ, சீட்டுக் காசோ, இன்னும் கட்டி முடியாத தவணைப் பணமோ இருக்கும். அப்படி வாங்கிய பொருளில் ஒரு மாதத்துக்குள் கறை தெரிந்தால் வயிறு பற்றி எரியத்தான் செய்யும்.

எரிந்த வயிற்றோடு நாம் முதலில் செய்வது என்ன? துணியை நனைத்துக்கொண்டு தேய்க்கத் தொடங்குவது. இம்மாதம் நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான். தேய்க்க முன்னர் அது அழுக்கா, பொருளின் குறையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அழுக்கு என்றால் போக்கலாம். குறை என்றால் அது உங்கள் பொறுப்பல்ல. ஆனால் தேய்த்த பிறகு அதை நிரூபிக்க முடியாது.

எங்கள் பகுதிச் சகோதரி ஒருவர் உயர்தரம் படிக்கும் மகளுக்கு வெள்ளி நிற மடிக்கணினி ஒன்று வாங்கினார். வீடுகளுக்குச் சமைத்துக் கொடுத்துச் சேர்த்த பணம். ஆறு கிழமைக்குள் விசைப்பலகையின் கீழே, உள்ளங்கை வைக்கும் இடத்தில், மங்கலான மஞ்சள் படர்ந்தது. கடைக்குக் கொண்டு போனார். அங்கே நின்ற தம்பி அவருடைய விரல்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்கட கையில மஞ்சள். அதுதான் பிடிச்சிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சமைக்கிற கையில் மஞ்சள் இருக்கும்தான். சகோதரிக்கும் அது தன் பிழையென்றே பட்டது. மகளிடம் மன்னிப்புக்கூடக் கேட்டிருக்கிறார்.

அந்தக் கறை மஞ்சளா இல்லையா என்று அறிய எமக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. மஞ்சள் பட்ட சட்டையில் சவர்க்காரம் போட்டால் அந்த இடம் சிவந்து போவதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற நிறப்பொருள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதனால்தான். ஆகவே பஞ்சின் நுனியில் சவர்க்காரத் தண்ணீர் சிறிது தொட்டு, கறையின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்துப் பார்க்கலாம். சிவந்தால் மஞ்சள். குர்க்குமின் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். எனவே ஸ்பிரிட் தொட்ட பஞ்சிலும் மஞ்சள் நிறம் ஏற வேண்டும். சிவக்கவும் இல்லை, பஞ்சும் வெள்ளையாகவே இருக்கிறது என்றால் அது சமையலறையிலிருந்து வந்திருக்க வாய்ப்புக் குறைவு. இந்தச் சகோதரி செய்து பார்த்தபோது சிவக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு மீண்டும் கடைக்குப் போனார். கடைக்காரர் வாயடைத்துப் போனார் என்று சொல்ல மாட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கொழும்புக்கு அனுப்பினார். ஆறு கிழமை சென்று மேற்பலகை மாற்றப்பட்டு வந்தது.

பெரிய கம்பனிகளின் பொருள்களிலும் இது நடந்திருக்கிறது. 2006 மே மாதத்தில் அமெரிக்காவின் அப்பிள் கம்பனி வெள்ளை நிற மெக்புக் மடிக்கணினியை வெளியிட்டது. சில கிழமைகளிலேயே உள்ளங்கை படும் இடம் மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறுவதாக வாங்கியவர்கள் முறையிட்டார்கள். கை அழுக்கு என்று எண்ணிப் பலவிதமாகத் துடைத்துப் பார்த்தவர்களும் உண்டு. பிறகு அதே ஆண்டில் கம்பனி குறையை ஏற்றுக்கொண்டு மேற்பகுதியை மாற்றிக் கொடுத்தது. 2015இலும் அதே கம்பனியின் சில கணினிகளில் திரையின் மேற்பூச்சு திட்டுத்திட்டாக உரிந்து, துடைக்கத் துடைக்கப் பரவும் கறைபோலத் தெரிந்தது. அவற்றின் திரையும் இலவசமாக மாற்றிக் கொடுக்கப்பட்டது. முறையிட்டவர்கள் பலராக இருந்தார்கள். அதுதான் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. நாமோ ஆளுக்கொரு வீட்டில் தனித்தனியே துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, அழுக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. எப்படிப் போக்குவது?

முதலில் கணினியை முழுதாக நிறுத்தி, மின்வயரைக் கழற்றுங்கள். கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி துடைக்கத் தரும் துணி மிகவும் நல்லது. இல்லாவிட்டால் தோய்த்துத் தோய்த்து மிருதுவான பழைய பருத்தித் துணி போதும். தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து துடையுங்கள். பெரும்பாலான அழுக்கு இதிலேயே போய்விடும். கணினியின் மேல் எதனையும் நேரே ஊற்றவோ விசிறவோ கூடாது. விசைகளின் இடுக்கால் உள்ளே இறங்கிய ஒரு கரண்டித் தண்ணீர் போதும், முழுப் பொருளும் பாழாக.

குமிழ்முனைப் பேனை மை, மஞ்சள், ஒட்டுப்படத்தின் பசை ஆகியவை தண்ணீருக்கு அசையாது. மருந்துக்கடையில் 70 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோல் கேட்டு வாங்குங்கள். கணினியின் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் தொட்டுப் பார்த்து, நிறம் மங்காவிட்டால் மட்டும் மேலே பாவியுங்கள். பசைக்கு முதலில் ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டால் சுரண்ட வேண்டியதில்லை. ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும் பொருள். அடுப்போ குத்துவிளக்கோ எரிகிற இடத்தில் போத்தலைத் திறக்காதீர்கள். திரைக்கு ஸ்பிரிட் வேண்டாம். ஈரத்துணியே போதும். மூடித் திறக்கும்போது திரையில் கட்டம் கட்டமாகத் தெரிவது அநேகமாக விரல் எண்ணெய்தான். விசைகளில் ஒட்டியது திரையில் பதிந்திருக்கும். விசைகளையும் சேர்த்துத் துடைத்தால் திரும்ப வராது.

பாத்திரம் மினுங்கச் செய்யும் கைப்பழக்கம் எமக்குக் கூடுதலாகவே இருக்கிறது. அதனை இங்கே அடக்கிக்கொள்ள வேண்டும். சாம்பல், தும்பு, பாத்திரம் கழுவும் தூள், பற்பசை எல்லாம் அரம் போன்றவை. கறையோடு மேற்பூச்சையும் கொண்டு போய்விடும். கீறலில் பற்பசை பூசினால் மறையும் என்பார்கள். மறையாது, சுற்றியுள்ள இடமும் மங்கும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் உள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைக்கும். தொட்ட இடம் குழைந்து, விரல் அடையாளம் பதிந்துவிடும். அலுமினிய உடல் உள்ளதென்றால் சலவைச் சோடாவைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். காரம் அலுமினியத்தின் பாதுகாப்புப் படையை அரிக்கும்.

சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்தோடு மடிக்கணினியையும் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவது இப்போது வழக்கமாகி வருகிறது. வைப்பது நல்லதே. ஆனால் பொட்டை அதன் பைக்கு வையுங்கள். ஈரக் குங்குமத்தின் சாயம் பிளாஸ்டிக்கில் ஏறினால் லேசில் இறங்காது. திருநீறு மேலே கொட்டினால் துடைக்காமல் ஊதிவிடுங்கள். அதுவும் சாம்பல்தானே.

திருகோணமலையில் இன்னொன்றும் உண்டு. கடற்காற்றின் உப்பு. வாடைக்காற்று காலத்து ஈரத்தோடு இது சேரும்போது உலோகப் பகுதிகளில் வெள்ளைப் புள்ளிகள் பூக்கும். வியர்வையின் உப்பும் இதையே செய்யும். துடைத்துப் போகாத புள்ளி அரிப்பு, அது நிரந்தரம். பரவாமல் தடுக்கலாம். பாவித்து முடிந்ததும் ஒருமுறை துடைத்து, யன்னலோரத்தில் விடாமல் பையில் வையுங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் தூசியே பெரிய எதிரி. ஒரு துணியால் மூடி வைத்தால் போதும்.

கீறல்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். அவை அழகைக் கெடுக்கும், வேலையைக் கெடுக்காது. மூடி திரும்பும் பிணைச்சல் பக்கத்தில் வெடிப்புத் தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள். பிள்ளைகள் மூடியை ஒரு மூலையில் பிடித்து இழுப்பதால் இது வருவதுண்டு. நடுவில் பிடித்துத் திறக்கப் பழக்குங்கள்.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டிய மேற்பரப்புக் குறை வேறொன்று. மேற்பலகை மெல்ல மேடாகிறது, விரலால் தடவும் சதுரப் பகுதி அழுந்த மறுக்கிறது, மேசையில் வைத்தால் கணினி ஆடுகிறது. இவை உள்ளேயிருக்கும் பற்றரி வீங்குவதன் அடையாளங்கள். அமுக்கிச் சரிசெய்ய முயலாதீர்கள். உடனே நிறுத்தி, சார்ஜ் போடாமல், மெத்தை துணிமணிகளுக்கு அப்பால் வைத்து, திருத்துநரிடம் கொண்டு போங்கள். வீங்கிய லிதியம் பற்றரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

வாங்கும்போதே சில விடயங்களைப் பார்த்துக்கொண்டால் பிறகு வாக்குவாதம் குறையும். பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். "வீட்ட போய்ப் பாருங்கோ" என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். வெளிச்சத்தில் நான்கு மூலைகளையும் மூடியையும் பாருங்கள். திரையில் முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் காட்டச் சொல்லிப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். விசைகளைச் சாய்த்துப் பாருங்கள். சில விசைகள் மட்டும் மினுங்கினால் அது விரல் தேய்ந்த மினுக்கம். எந்தத் திரவத்தாலும் போகாது. ஏற்கெனவே பாவித்த கணினியைப் புதிது என்று தந்திருக்கிறார்கள். பாவித்ததை வாங்குவது குற்றமில்லை, நல்ல பொருளும் கிடைக்கும். ஆனால் பாவித்த விலைக்கு வாங்க வேண்டும்.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. கணினியின் தொடர் இலக்கம் அதில் எழுதப்பட்டிருக்கட்டும். கறை கண்ட அன்றே, துடைக்க முன், பகல் வெளிச்சத்தில் இரண்டு மூன்று படம் எடுத்து வையுங்கள். வொறன்ரி அட்டையில் அடிபட்டதும் கீறுப்பட்டதும் சேராது என்று அநேகமாக எழுதியிருக்கும். அது உண்மையே. அடிபடாமல் தானாக நிறம் மாறியதும் பூச்சு உரிந்ததும் அந்த வகையல்ல என்று நீங்கள் வாதாட இடமுண்டு. தேய்த்த அடையாளம் இருந்தால் அந்த இடம் பறிபோகும்.

கடையில் தீர்வு கிடைக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. உத்தரவாதத்துக்கு மாறான பொருள் விற்கப்பட்டால் அங்கே முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "இன்றைக்கு வாங்கோ, நாளைக்கு வாங்கோ" என்று கடைக்காரர் இழுத்தடிக்கும்போது கரைவது இந்த மூன்று மாதம்தான் என்பதை நினைவில் வையுங்கள். வாங்கிய திகதி, கடையின் பெயர், கணினியின் தொடர் இலக்கம், குறை, கடையில் சொன்ன பதில் ஆகியவற்றைத் தமிழிலேயே ஒரு பக்கத்தில் எழுதி, பற்றுச்சீட்டின் பிரதியையும் படங்களையும் இணைத்தால் போதும். மூலப் பற்றுச்சீட்டை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். எங்கே கொடுப்பதென்று தெரியாவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். கடிதம் எழுதத் தயக்கமுள்ள சகோதரிகள் உங்கள் கிராம மாதர் சங்கத்தில் எழுதத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போதும் அவரையே கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.