வேலியோடு நின்றுவிட வேண்டாம்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சுற்றுச்சூழல் அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,



சிட்னிக்குத் தெற்கே, உங்கள் துறையின் பொறுப்பில் இருக்கும் ராயல் தேசியப் பூங்காவின் கடற்பாறைகளைப் பற்றி எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிற்கக் கூடாது என்று வேலி போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே, நின்று பார்ப்பதற்கு ஓர் இடம் கட்டித் தாருங்கள். ஏன் நிற்கக் கூடாது என்பதை, வருகிறவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

இதை ஒரு தமிழர் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் 95 ஆயிரத்துக்கும் மேல். சிட்னியில் இருப்பவர்களில் பலருக்கு இந்தப் பூங்கா கோயில் வழியாகவே அறிமுகமானது. பூங்காவின் தென்மேற்கு ஓரத்தில் ஹெலன்ஸ்பர்க் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள வெங்கடேசுவரர் கோயிலுக்கு 1985-இல் குடமுழுக்கு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பெருமாளைச் சேவித்து, கோயில் கேன்டீனில் தோசையும் சாப்பிட்டபின், "அப்படியே கடல் பக்கம் போய்வரலாமே" என்று கிளம்பாத குடும்பம் குறைவு. ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவும் காரில் இருப்பார்கள். திருச்செந்தூரிலும் காலிமுகத்திடலிலும் கடலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, தரை திடீரென்று முடிந்து கீழே அலை மோதும் இந்தக் கரை புதிது. புதிது என்பதால்தான் ஆசை. புதிது என்பதால்தான் ஆபத்தும்.

இந்தப் பூங்காவின் வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1879-இல் உருவானது. நெரிசலும் புகையும் மிகுந்த நகரத்தில் உழைத்தவர்கள் ஒரு நாளாவது நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்பது அன்றைய நோக்கம். நோக்கத்தோடு அரசு நின்றுவிடவில்லை. 1886-இல் பூங்காவுக்கென்றே ஒரு கிளை ரயில்பாதை போட்டது. மக்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்து, அவர்களுக்கு வழியும் செய்து கொடுத்தார்கள். நான் கேட்பதும் அந்த மரபின் தொடர்ச்சியைத்தான்.

பண்டீனாவிலிருந்து ஆட்ஃபோர்டு வரை 26 கிலோமீட்டர் நீளும் கடற்கரை நடைபாதையில் நடந்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். குரோனல்லாவில் ரயிலை விட்டு இறங்கி, படகில் பண்டீனாவுக்குப் போய் நடக்கத் தொடங்கலாம். ஒரு பக்கம் பேங்ஸியா புதர்கள். மறுபக்கம் வானமும் கடலும் மட்டும். மே முதல் நவம்பர் வரை திமிங்கிலங்கள் வடக்கே போவதையும் தெற்கே திரும்புவதையும் கரையில் இருந்தபடியே பார்க்கலாம். தெற்கே போனால் கர்ரகர்ராங்கில் ஓடைநீர் நேராகக் கடலில் விழுகிறது. அருகிலேயே கழுகின் தலைபோல ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது. இவை எல்லாவற்றையும் விடப் பெயர் பெற்றது பண்டீனாவுக்குச் சற்றுத் தெற்கேயுள்ள வெட்டிங் கேக் ராக்.

வெள்ளை வெளேரென்று, கத்தியால் வெட்டியதுபோல் சதுர விளிம்புகளோடு கடலுக்கு மேலே நிற்கும் மணற்கல் பாறை அது. சுற்றியுள்ள மணற்கல்லில் பழுப்பும் செம்மையும் ஏற்றும் இரும்புச்சத்தை நீர் கரைத்துக் கொண்டுபோய்விட்டதால் இது மட்டும் வெளுத்திருக்கிறது. ஒரு காலத்தில் நடைப்பயணிகள் மட்டும் அறிந்திருந்த இடம். இன்ஸ்டாகிராம் வந்தபின் நிலைமை மாறியது. மாதம் சில ஆயிரம் பேர் வந்த இடத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வரத் தொடங்கினார்கள். விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு ஒரு படம், கைகளால் தொங்கிக்கொண்டு ஒரு படம். 2014-இல் அதன் அருகே பாறை சரிந்து ஒரு வெளிநாட்டு மாணவர் உயிரிழந்தார். 2015 மே மாதத்தில் அந்தப் பாறை மூடப்பட்டது. நிலவியல் ஆய்வு நடந்தது. பாறையின் அடி அரிக்கப்பட்டிருக்கிறது, பத்து ஆண்டுகளுக்குள் அது கடலில் விழும் என்று முடிவு வந்தது. வேலி நிரந்தரமானது.

வேலி போட்டதில் எனக்கு மறுப்பில்லை. அன்று செய்ய வேண்டியதைத்தான் உங்கள் துறை செய்தது. ஆனால் அதன்பிறகு நடந்ததைப் பாருங்கள். 2025-இல் அந்தப் பத்து ஆண்டுக் கெடு முடிந்தபோதும் பாறை அதே இடத்தில்தான் நின்றது. மணற்கல் நாள்காட்டி பார்த்து விழுவதில்லை என்பது நிலவியல் படித்தவர்களுக்குத் தெரியும். வேலியோரம் நிற்கும் இருபது வயது இளைஞருக்கு அது தெரியாது. "பத்து வருஷமா இப்படித்தான் சொல்றாங்க, ஒண்ணும் ஆகலையே" என்றுதான் அவருக்குத் தோன்றும். ஏற்கெனவே வேலி தாண்டிப் படம் எடுத்தவர்களின் புகைப்படங்கள் அவர் கைப்பேசியில் இருக்கின்றன. அவர்கள் யாரும் விழவில்லை. விழுந்தவர்கள் அந்தப் படங்களைப் பதிவேற்றுவதில்லை.

அறிவிப்புப் பலகை அவருக்குச் சொல்வது என்ன? ஆபத்து என்ற சொல், விழும் மனிதனின் படம், அபராத எச்சரிக்கை. அவருடைய கண்ணுக்கோ காலடியில் இருப்பது அகலமான, உறுதியான கல். பலகை ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது. இரண்டில் மனிதர்கள் கண்ணைத்தான் நம்புவார்கள்.

கண் காட்டாததைச் சொல்வதுதான் பலகையின் வேலை. இந்த மணற்கல் இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பெரிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல். அடுக்கடுக்காகப் படிந்தது; இடையிடையே களிமண் படிந்து இறுகிய மெல்லிய அடுக்குகளும் உண்டு. உப்புக் காற்றும் நீரும் அந்த மெல்லிய அடுக்குகளை முதலில் தின்றுவிடும். மேலே இருக்கும் கனமான கல், அடியில் பிடிமானமில்லாமல் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். கல்லில் மேலிருந்து கீழாக ஓடும் பிளவுகளில் மழைநீர் இறங்கும். ஒருநாள் முழுத் துண்டும் அந்தப் பிளவோடு கழன்று விழும். மேலே நிற்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. கடலில் படகில் இருந்து பார்ப்பவருக்கே தெரியும். சுவரில்லாத மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையின் நுனியில் நிற்பதும், அந்த விளிம்பில் நிற்பதும் ஒன்றுதான். பாறையைப் பக்கவாட்டில் காட்டும் ஒரு படமும் நான்கு வரி விளக்கமும் போதும், ஒரு தகப்பனார் தன் பிள்ளையின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொள்வதற்கு.

மாற்று ஏற்பாடு செய்வது உங்கள் அரசுக்குப் புதிதல்ல. பூங்காவுக்குத் தெற்கே, கோல்கிளிஃபுக்கும் கிளிஃப்டனுக்கும் இடையே பாறையை ஒட்டி ஓடிய சாலையில் கற்கள் சரிந்துகொண்டே இருந்தன. 2003-இல் அந்தச் சாலை மூடப்பட்டது. அங்கே வேலி போட்டுவிட்டு அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. பாறையை விட்டு விலகி, கடலின் மேலேயே 665 மீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டியது. 2005 டிசம்பரில் திறக்கப்பட்ட சீ கிளிஃப் பிரிட்ஜ் இன்று ஒரு சுற்றுலாத் தலம். காரில் வருகிறவருக்குப் பாறையை நம்பாத ஒரு பாலம் கிடைத்தது. நடந்து வருகிறவருக்குக் கிடைத்தது கம்பி வேலி மட்டும்.

உங்கள் துறையிடமே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. இதே பூங்காவில் ஃபிகர் எய்ட் பூல்ஸ் என்ற பாறைக் குளங்களில் 2016-இல் அலை அடித்துப் பலர் காயமடைந்தார்கள். அதன்பின், எந்த நாளில் எந்த நேரத்தில் அலையின் ஆபத்து எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லும் கணிப்பை உங்கள் துறை வெளியிடத் தொடங்கியது. போகாதே என்பதோடு நில்லாமல், போவதென்றால் எப்போது போகலாம் என்றும் சொன்னது. பண்டீனாவுக்கு அருகே ஜிப்பன் முனையில் தாராவல் பழங்குடி மக்கள் பாறையில் செதுக்கிய உருவங்கள் உள்ளன. அவற்றை யாரும் மிதித்துவிடாமல் பார்ப்பதற்கு உயரமான மேடை கட்டியிருக்கிறீர்கள். அங்கே வேலி தாண்டும் பேச்சே எழவில்லை. மேடையில் இருந்தே நன்றாகத் தெரிகிறது. வடக்கே காமே பாட்டனி பே தேசியப் பூங்காவின் கேப் சோலாண்டரில் திமிங்கிலம் பார்ப்பதற்கும் மேடை இருக்கிறது. பாறை மீன்பிடிப்பில் உயிர்கள் போனபோது 2016-இல் சட்டம் இயற்றி, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் உயிர்காப்பு அங்கியை அரசு கட்டாயமாக்கியது. அதைப் பல மொழிகளில் விளக்கவும் செய்தது.

இந்த நாட்டுக் கடற்கரைகளில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளைப் பார்க்காதவர் இல்லை. இரண்டு கொடிகளுக்கு இடையே நீந்துங்கள் என்பதுதான் அவை சொல்லும் செய்தி. புதிதாக வந்தவரும் ஒரே நாளில் கற்றுக்கொள்கிறார். கூடாத இடங்களைப் பட்டியல் போடாமல், கூடிய இடத்தைக் காட்டுவதால்தான் அந்த ஏற்பாடு வெற்றி பெற்றது. கடலுக்குள் இறங்குகிறவருக்குச் செய்ததைக் கடலைப் பார்க்க வருகிறவருக்கும் செய்யுங்கள் என்கிறேன்.

எனவே மூன்று கோரிக்கைகள்.

முதலாவது, வெட்டிங் கேக் ராக் அருகிலும், கழுகுப் பாறை தெரியும் இடத்திலும், நிலவியலாளர் தேர்ந்தெடுத்த உறுதியான தரையில், விளிம்பிலிருந்து தள்ளி, கைப்பிடியோடு பார்வை மேடைகள் வேண்டும். நல்ல படம் கிடைக்கும் கோணத்தில் அவை அமைய வேண்டும். படத்துக்காகத்தான் மக்கள் வருகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டு கட்டும் மேடைதான் பயன்படும்.

இரண்டாவது, பாறை ஏன் விழும் என்பதைப் படத்தோடு விளக்கும் பலகைகள் வேண்டும். சிட்னியில் அதிகம் பேசப்படும் மொழிகளில் அவை இருக்கட்டும். அவற்றில் ஒன்று தமிழாக இருக்கட்டும். எல்லாவற்றையும் பலகையில் எழுத முடியாது என்றால் கியூஆர் குறியீடு போதும். ஆனால் பாறை விளிம்பில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைப்பது நிச்சயமில்லை. ஆகவே அதே விளக்கம் பண்டீனா படகுத்துறையிலும் வாகன நிறுத்தங்களிலும் இருக்க வேண்டும். ஹெலன்ஸ்பர்க் கோயில் வாசலிலும் வைக்கலாம். பூங்காவுக்குப் பக்கத்தில் எங்கள் மக்கள் கூடும் இடம் அதுதான்.

மூன்றாவது, வார இறுதிகளில் அருகிலுள்ள ரயில் நிலையத்திலிருந்து பூங்காவின் வாட்டமோல்லா, கேரி போன்ற கடற்கரைகளுக்குப் பேருந்து வேண்டும். 1886-இல் போட்ட அந்தக் கிளைப் பாதை 1991-இல் மூடப்பட்டது. இன்று அதில் ஒரு டிராம் அருங்காட்சியகத்தின் பழைய டிராம் ஓடுகிறது. கார் இல்லாத மாணவர்களும் புதிதாகக் குடியேறியவர்களும் எளிதில் போகக்கூடிய இடமாக வெட்டிங் கேக் ராக் இருப்பதாலும் அங்கே கூட்டம் குவிகிறது. மற்ற இடங்களுக்கு வழி திறந்தால் அந்தக் கூட்டம் கலையும்.

மறுப்புகளும் எழும் என்று தெரியும். மேடை கட்டினால் இயற்கை அழகு கெடும் என்பார்கள். வேலியும் அபராதப் பலகையும் அழகைக் கெடுக்கவில்லையா? மேடை கட்டினால் இன்னும் அதிகம் பேர் வருவார்கள் என்பார்கள். வருகிறவர்கள் எப்படியும் வருகிறார்கள். எங்கே நிற்பார்கள் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. செலவாகும் என்பார்கள். ஒருவர் விழுந்தால் ஹெலிகாப்டர் வர வேண்டும். காவல்துறையும் மீட்புப் படையும் தன்னார்வலர்களும் உயிரைப் பணயம் வைத்துக் கீழே இறங்க வேண்டும். அதுவும் செலவுதான். அதற்கு வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு இல்லாததால் கண்ணில் படுவதில்லை.

எல்லாவற்றையும் அரசின் தலையில் கட்டுவது நியாயமில்லை. எங்கள் பங்கும் இருக்கிறது. "இன்னும் ஒரு அடி பின்னால போ, கடல் நல்லா விழும்" என்று சொல்லிக்கொண்டே படம் எடுப்பவர்கள் எங்கள் வீடுகளிலும் உண்டு. ரப்பர் செருப்போடும் அரை பாட்டில் தண்ணீரோடும் நடக்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. சங்கங்கள் பொங்கல் விழா அறிவிப்போடு பாறைப் பாதுகாப்பையும் இரண்டு வரியில் சொல்லலாம். தமிழ்ப் பள்ளிகள் பிள்ளைகளுக்கு மணற்கல்லைப் பற்றி ஒரு பாடம் நடத்தலாம். பிள்ளை சொன்னால் தாத்தா கேட்பார். விளக்கங்களைத் தமிழாக்கித் தரவும் ஆட்கள் கிடைப்பார்கள், காசு வாங்காமலே.

இந்தப் பூங்கா உருவாகி ஒன்றரை நூற்றாண்டு நிறையும் 2029 நெருங்குகிறது. விழாவுக்கு மலர் வெளியிடுவீர்கள், கல்வெட்டும் திறப்பீர்கள். அவற்றோடு இந்த மேடைகளையும் திறந்து வையுங்கள். இன்னொரு உயிர் போனபிறகு அந்த வேலியின் உயரத்தைக் கூட்டுவதைவிட, இப்போதே அதன் பக்கத்தில் நிற்பதற்கு ஓர் இடம் செய்து கொடுப்பது நல்லது. ஆவன செய்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சிட்னித் தமிழர்களில் ஒருவர்