வாக்லியைத் தவறவிட்டோம், அடுத்த கப்பலையாவது கரையேற்றுவோம்



நாங்கள் இந்தியக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். தென்மாவட்டக்காரர்கள். எங்கள் மனைவிமாரும் பிள்ளைகளும், காலமாகிவிட்ட தோழர்களின் குடும்பத்தார் சிலரும் எங்களோடு சேர்ந்து இதை எழுதுகிறார்கள். எங்களில் மூத்தவர்கள் எண்பதை நெருங்கிவிட்டார்கள். போன ஆண்டு எங்களோடு உட்கார்ந்து காபி குடித்த இருவர் இந்த ஆண்டு இல்லை. அதனால் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிடுகிறோம்.

வாக்லியிலிருந்து தொடங்குகிறோம். ஐ.என்.எஸ். வாக்லி 1974 ஆகஸ்டில் கடற்படையில் சேர்ந்தது. சோவியத் நாட்டில் கட்டப்பட்ட ஃபாக்ஸ்டிராட் வகை நீர்மூழ்கிக் கப்பல். 36 ஆண்டுகள் உழைத்து, 2010 டிசம்பர் 9 அன்று விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றது. அதை மாமல்லபுரத்துக்குக் கொண்டுவந்து அருங்காட்சியகமாக நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது எங்கள் வீடுகளில் தீபாவளிதான். கடற்கரைக் கோயிலைப் பார்க்க வரும் பிள்ளைகள் அப்படியே வாக்லிக்குள்ளும் ஏறி இறங்குவார்கள் என்று பேசிப் பேசி மகிழ்ந்தோம். கப்பலைச் சென்னைத் துறைமுகம் வரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம் காரியம் நகரவில்லை. 90 மீட்டருக்கு மேல் நீளமுள்ள, ஏறத்தாழ இரண்டாயிரம் டன் எடையுள்ள இரும்பு உடலை அலையடிக்கும் கரையில் ஏற்றி நிறுத்துவது லேசான வேலை இல்லை. ஆண்டுகள் போயின. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. மாமல்லபுரத்து மணலை வாக்லி தொடவே இல்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அப்போது நாங்களும் வாய் திறக்கவில்லை. ஒரு மனு கொடுக்கவில்லை, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசவில்லை. செய்வார்கள் என்று சும்மா இருந்துவிட்டோம். அந்தக் குறுகுறுப்புதான் இன்று எங்களை எழுத வைக்கிறது.

செய்ய முடியாத காரியமா என்றால், இல்லை. விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். வாக்லியின் அதே இனத்தைச் சேர்ந்த ஐ.என்.எஸ். குர்சுரா அங்கே கரையில் நிற்கிறது. 1969 டிசம்பர் 18 அன்று பணியில் சேர்ந்த கப்பல். சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்த காலம் அது. அதனால் பால்டிக் கடலிலிருந்து புறப்பட்டு ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தது. 1971 போரில் அரபிக்கடலில் ரோந்து போனது. 31 ஆண்டுகளில் 73,500 கடல் மைல் ஓடி, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. அதைக் கரையேற்றி, நீரை விட்டுப் பிரித்து, மேடையில் அமர்த்தி, 2002 ஆகஸ்டில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நம் கடற்படையில் இருந்த ஃபாக்ஸ்டிராட் கப்பல்கள் எட்டு: கல்வரி, கந்தேரி, கரஞ்ச், குர்சுரா, வேலா, வாகீர், வாக்லி, வாக்‌ஷீர். எட்டில் முழுசாகக் கரையில் நிற்பது குர்சுரா ஒன்றுதான்.

எங்களில் ஒருவர் வாக்லியில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் மனைவியையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு குர்சுராவுக்குப் போனார். உள்ளே ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான ஓட்டைதான் வழி. வந்தவர்கள் எல்லாரும் குனிவதா, காலை முதலில் விடுவதா என்று திண்டாடிக்கொண்டிருந்தார்கள். இவருக்கு எழுபது வயது, முழங்கால் வலி வேறு. ஆனால் ஓட்டைக்கு முன்னால் வந்ததும் கை தானாக மேல் விளிம்பைப் பிடித்தது. கால், இடுப்பு, தலை என்று ஒரே வீச்சில் அந்தப் பக்கம் போய்விட்டார். “தாத்தா, பாம்பு மாதிரி போறீங்க!” என்றாள் பேத்தி. சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தவரும் ஓய்வு பெற்ற கடற்படைக்காரர். அவர் பேச்சை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தார். பிறகு இந்தியில் கேட்டார்: “எந்த போட்?” நாங்கள் எங்கள் கப்பலைக் கப்பல் என்று சொல்வதில்லை, போட் என்றுதான் சொல்வோம். “வாக்லி” என்றார் இவர். அந்த மனிதர் கையிலிருந்த டார்ச் விளக்கை இவரிடம் நீட்டி, மீதியை நீங்களே காட்டுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார்.

நான்காவது அறையில் நின்று, காலடியில் இருந்த இரும்புத் தட்டைக் காட்டி, “இதுக்குக் கீழதான் நான்” என்றார். அந்தத் தட்டுக்கு அடியில் பேட்டரிக் குழி. இந்த வகைக் கப்பலில் மொத்தம் 448 செல்கள். ஆள் நிமிர முடியாது. படுத்தபடி நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு செல்லாகப் பார்க்க வேண்டும். மேலே கடல்நீர் ஒழுகி பேட்டரியில் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். சார்ஜ் ஏற்றும்போது ஹைட்ரஜன் சேர்ந்தால் ஒரு பொறி போதும். ஏழு அறைகளில் இருந்த எழுபத்தைந்து பேரும், கீழே குழியில் இருப்பவன் வேலையை ஒழுங்காகச் செய்திருப்பான் என்று நம்பித்தான் கண்ணை மூடுவார்கள்.

படுக்கையைக் காட்டியபோது அவர் மனைவி சாண் போட்டு அகலத்தை அளந்து பார்த்தார். மூன்று சாண் கூட வரவில்லை. அதுவும் அவருக்கென்று சொந்தமில்லை. ஒருவர் எழுந்து வேலைக்குப் போனால், அந்தச் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் வந்து படுப்பார். குளிப்பது என்பதே கிடையாது, தண்ணீர் அளந்துதான் கிடைக்கும். வீட்டுக்கு வரும்போது சட்டையில் மட்டுமல்ல, தோலிலேயே டீசல் நாற்றம் ஏறியிருக்கும். அந்த அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து மணலில் உட்கார்ந்த பிறகுதான், “இத்தனை வருஷத்துல இதைச் சொல்லவே இல்லையே நீங்க” என்றார்.

சொல்லவில்லைதான். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லக்கூடாது என்பது எங்கள் வேலையின் சட்டம். அது அப்படியே பழக்கமாகி, ஓய்வு பெற்ற பிறகும் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊரில் எங்களை “நேவிக்காரர்” என்பார்கள், அதோடு சரி. திருநெல்வேலி மாவட்டத்தில் விஜயநாராயணத்தைக் கடந்து பஸ்ஸில் போகிறவர்கள் அங்கே வானுயர நிற்கும் கோபுரங்களைப் பார்த்திருப்பார்கள். அது 1990-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம். கடலுக்கு அடியில் இருக்கும் கப்பல்களுக்கு உத்தரவு போவது அங்கிருந்துதான். எங்களில் ஒருவரின் மனைவிக்கு நாங்குநேரிப் பக்கம்தான் பிறந்த வீடு. ஆண்டுக்கு நாலு தடவை அந்தக் கோபுரங்களைப் பார்த்தபடி போய் வந்தவர். வங்காள விரிகுடாவில் எங்கோ மூழ்கிக் கிடக்கும் புருஷனுக்குத் தன் ஊர் வயற்காட்டிலிருந்துதான் சேதி போகிறது என்பது அவருக்குத் தெரியாது.

ஒரு கப்பல் கண்ணெதிரே நின்றால்தான் இப்படிப்பட்ட பேச்சு வெளியே வருகிறது. அறிவிப்புப் பலகையில் நீளம், அகலம், டார்பிடோக் குழாய் பத்து, டார்பிடோ இருபத்திரண்டு என்று எழுதி வைக்கலாம். எந்த வால்வு இறுகிக்கொண்டு படுத்தும், சமையல்காரர் அலையில் எப்படிச் சாம்பாரைக் கொட்டாமல் பிடிப்பார் என்பதெல்லாம் பலகையில் வராது. அதைச் சொல்ல அந்தச் சக்கரத்தைத் திருப்பிய கை வேண்டும். 1970-ல் இருபது வயதில் சேர்ந்தவர் இன்று எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கிறார். ஆகவே முதலில் கப்பல், பிறகு ஆட்கள் என்று வரிசை வைக்க நேரம் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் காப்பாற்ற வேண்டும்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டன். எண்ணெய்க் கிடங்குகளைப் பற்றவைத்துவிட்டுப் போனது. உயர் நீதிமன்ற வளாகத்தில் அதற்குக் கல்வெட்டு உண்டு. “அவன் பெரிய எம்டன்” என்று இன்றைக்கும் பேசுகிறோம். நம்மைச் சுட்டுவிட்டுப் போன கப்பலின் பெயர் நூறு வருஷத்துக்கு மேல் நம் வாயில் வாழ்கிறது. நம்மைக் காத்து நின்ற கப்பல்களின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

பெரிய கப்பல்களையே காப்பாற்ற முடியவில்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். நம் முதல் விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்த் 1971-ல் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கிய விமானங்களைச் சுமந்தது. 1997-ல் ஓய்வு பெற்ற பிறகு மும்பையில் சில ஆண்டுகள் அருங்காட்சியகமாக இருந்தது. 2014-ல் 60 கோடி ரூபாய்க்குப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. அந்த இரும்பில் கொஞ்சம் மோட்டார் சைக்கிளில் சேர்ந்தது. இன்னொரு விமானம் தாங்கிக் கப்பலான விராட் 2020-ல் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைக்கப் போனது. காப்பாற்ற உச்ச நீதிமன்றம் வரை ஓடினார்கள். அதற்குள் உடைப்பு வேலை வெகுதூரம் போய்விட்டது. இரண்டு தடவையும் மக்கள் பதறியது கப்பலை விற்க முடிவான பிறகு. கப்பல் ஓய்வு பெறுவதற்கு முன்பே இடம், பணம், பராமரிக்கும் ஆள் எல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். உப்புக்காற்றில் இரும்பு நமக்காகக் காத்திருக்காது.

திட்டமிட்டுச் செய்த இடமும் உண்டு. 1971 டிசம்பர் 9 இரவு தியூ அருகே குக்ரி கப்பல் டார்பிடோ பட்டு மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதோடே போனார். தியூவில் அவர்களுக்கு நினைவகம் இருக்கிறது. அதே பெயரில் பிறகு வந்த குக்ரி 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றதும், அடுத்த மாதமே தியூ நிர்வாகத்திடம் அருங்காட்சியகமாக ஒப்படைக்கப்பட்டது. கப்பல் அதன் நினைவு எங்கே இருக்கிறதோ அங்கேயே போய்ச் சேர்ந்தது.

இனி எங்கள் கோரிக்கை. சிந்துகோஷ் வகை நீர்மூழ்கிக் கப்பல்கள் இப்போது ஓய்வு பெறும் வயதில் இருக்கின்றன. அவற்றில் சிந்துத்வஜ் 35 ஆண்டு உழைத்து 2022 ஜூலையில் விடைபெற்றுவிட்டது. இவை குர்சுராவைவிட நீளம் குறைந்தவை. 73 மீட்டருக்குள் அடங்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள தமிழ்நாட்டில் ஒன்றாவது நிற்க வேண்டும். சென்னை, மாமல்லபுரம், தூத்துக்குடி, எந்த ஊரானாலும் சரி. உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் இதைக் கேளுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட முடிந்தால் போடுங்கள். ஆனால் இடம் தயாராகும் முன் கப்பலை இழுத்து வந்து நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். முழுக் கப்பலைப் பராமரிக்க வசதி இல்லையென்றால், பெரிஸ்கோப் நிற்கும் அந்த மேற்கோபுரத்தை மட்டுமாவது கொண்டுவந்து, உள்ளே வேலை பார்த்தவர்கள் எல்லாருடைய பெயரையும் பொறித்து வைத்தாலும் எங்களுக்குப் போதும். துருப்பிடித்துச் சாகும் முழுக் கப்பலைவிட அது மேல்.

விசாகப்பட்டினம் போகிறவர்கள் குர்சுராவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். வேகமாக ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கிவிடாமல், சுற்றிக் காட்டுகிறவரிடம் அவர் எங்கே, என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள்.

வீட்டில் தாத்தாவின் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். இரண்டு டால்பின்கள் எதிரெதிரே நிற்கும் சின்ன உலோகச் சின்னம் உள்ளே கிடக்கலாம். பரீட்சை எழுதி, கப்பலின் ஒவ்வொரு குழாயையும் வால்வையும் மனப்பாடமாகக் காட்டித் தேறியவருக்கு மட்டுமே அதைச் சட்டையில் குத்துவார்கள். கடிதம், குரூப் போட்டோ, கையெழுத்து நோட்டு எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். போட்டோவின் பின்னால் யார் யார் என்று இன்றைக்கே எழுதிவையுங்கள். எங்களிடம் இருக்கும் ஒரு படத்தில் பதினொரு பேர் நிற்கிறார்கள். அதில் நால்வரின் பெயரைச் சொல்ல இப்போது யாரும் உயிரோடு இல்லை.

முதல் நீர்மூழ்கிக் கப்பல் கல்வரி 1967-ல் கடற்படையில் சேர்ந்த நாள் டிசம்பர் 8. ஆண்டுதோறும் அதை நீர்மூழ்கிக் கப்பல் நாளாகக் கொண்டாடுகிறார்கள். வரும் டிசம்பர் 8 அன்று உங்கள் தெருவில் இருக்கும் நேவிக்காரர் வீட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்புங்கள். போனில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு, “எந்த போட், தாத்தா?” என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் வரக் கொஞ்ச நேரமாகும். பிள்ளை எழுந்து போய்விடாமல் உட்கார்ந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
நீர்மூழ்கிக் கப்பல்களில் பணியாற்றி ஓய்வு பெற்றோரும் குடும்பத்தாரும்
திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்கள்