பூட்டிய ஏடும் புதிய புரோகிதமும்

“சோறு போடும் இடத்தில் கொள்கை பேசலாமா?” என்று கேட்கின்றனர் சிலர். பேசவேண்டிய இடமே அதுதான் என்கிறேன் நான்! வீட்டுக் கணினியில் எந்த மென்பொருளை வைத்துக்கொள்வது என்பது அவரவர் விருப்பம். ஆனால், மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில், “இந்த நிறுவனத்தின் மென்பொருளில்தான் மதிப்பெண் பட்டியல் வரவேண்டும், வேறு வடிவில் வந்தால் ஏற்கமாட்டோம்” என்று கட்டளை பிறக்குமானால், அது விருப்பம் அன்று, திணிப்பு!

தனியுரிம மென்பொருள் என்றால் என்ன? அதன் மூலநிரலைப் படித்தல் கூடாது. பழுதிருப்பின் திருத்துதல் கூடாது. மாணவனுக்குப் படியெடுத்துத் தருதல் கூடாது. ‘கூடாது, கூடாது’ என்றே அடுக்கிச் செல்கிறது உரிமப் பத்திரம். பழகிய குரலாக இல்லையா இது? வேதத்தைக் கேட்ட சூத்திரனின் செவியில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். அன்று ஏட்டைப் பூட்டினர். இன்று நிரலைப் பூட்டுகின்றனர். அன்று தட்சிணை, இன்று சந்தா! பொருள் அறியாமல் மந்திரத்துக்குத் தலையாட்டியோரைப் பழித்த நாம், பொருள் அறியாமலே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று பொத்தானை அழுத்துகிறோம்.

இந்தப் பூட்டை உடைக்க 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். இயக்க, ஆராய்ந்து திருத்த, பகிர, திருத்தியதைப் பிறர்க்கு வழங்க — இந்நான்கு உரிமைகளே கட்டற்ற மென்பொருளின் இலக்கணம்.

ஏட்டளவில் இனிக்கும், பள்ளியில் நடக்குமா என்பீர். அண்டை வீடான கேரளத்தைப் பாருங்கள்! 2001இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்று தொடங்கி, 2017இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்த அமைப்பு, பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளிலேயே நடத்துகிறது. அங்கே முளைத்த பயிர் மதுரையிலும் மன்னார்குடியிலும் முளைக்காதா?

ஜெர்மனியின் மியூனிக் நகரம் 2003இல் லினக்ஸை ஏற்று, 2017இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்ததே என்பர். உண்மை, மறைப்பானேன்? அதை அறிந்தும், அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், ஏறத்தாழ 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீசுக்கு மாற்ற 2024இல் முடிவெடுத்தது. ஒரு நகரின் பின்வாங்கல் கொள்கையின் தோல்வி ஆகாது.

பூட்டின் சாவி பிறர் கையில் இருப்பதன் விளைவு என்ன? விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத கணினி, பழுதின்றி ஓடினாலும் பழம்பொருள் ஆயிற்று! நம் பள்ளிக் கணினியின் ஆயுளைக் கணிப்பவர் நாமா, கடல் கடந்த நிறுவனமா?

“இவ்வளவு பேசுவோர் வேலையை உதறலாமே!” என்பது கடைசி அம்பு. உதறினால், நாற்காலிக்கு வேறொருவர் வருவார். கட்டளை அப்படியே இருக்கும். நானும் ஆசிரியன்தான். கட்டளைப்படி மதிப்பெண்களைப் பதிகிறேன், பதிந்துகொண்டே எதிர்க்கிறேன். அலுவலக ஆயுதபூசையில் பொரி வாங்கியதாலேயே பகுத்தறிவாளன் பக்தனாகிவிடுவதில்லை. குற்றம் பணிபவனிடம் இல்லை; பணிக்கும் ஆணையில் இருக்கிறது.

அரசு அலுவலகங்களில் கடவுளர் படங்கள் வேண்டாம் என 1968இல் ஆணையிட்டது அறிஞர் அண்ணாவின் அரசு. எவருடைய நம்பிக்கையையும் அது பறிக்கவில்லை. பொது இடம் எல்லோர்க்கும் பொது என்றது, அவ்வளவே! அந்த நெறி கணினிக்கும் பொருந்தாதா? பன்னாட்டுத் தர அமைப்பு 2006இல் ஏற்ற ஓ.டி.எஃப். என்னும் திறந்த வடிவம் இருக்கிறது. அதை ஏற்கட்டும். ஆணையில் ஆவணத்தின் தரம் இருக்கட்டும். வணிகனின் பெயர் வேண்டாம்.

ஆசிரியத் தோழர்களே! இதனைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக்குங்கள், துறைக்கு எழுதுங்கள். படிக்கக் கூடாத ஏடு எதுவுமில்லை என்று மாணவனுக்குக் கற்பிக்கும் நாம், படிக்கக் கூடாத நிரலின்முன் அவனை வாய்பொத்தி நிற்கவைக்கலாமா?