மலிவு மெசின் விற்கலாம், குறையை மறைத்து விற்கலாமா?

ஹாட்வெயார் கடை நடத்தும் சகோதரர்களுக்காக இவ்வாரம் ஒரு சிறிய பொருளைப் பற்றி எழுதுகின்றேன். செயின்சோவின் செயினைக் கூராக்கும் மின்சார சாணை மெசின்தான் அது.

2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது பல வீடுகள் விறகு அடுப்புக்குத் திரும்பியது நினைவிருக்கும். அதன் பின்னர் எமது பகுதியில் சிறிய செயின்சோ வாங்கியவர்கள் அதிகம். செயின் மழுங்கினால் கூராக்க வேண்டுமல்லவா? மலிவான மெசின் ஒன்றை மொத்த வியாபாரி ஒருவர் காட்டினார். விலையைப் பார்த்தேன், இலாபத்தைக் கணக்குப் பார்த்தேன், ஒரு டசின் எடுத்தேன். ஒன்றையேனும் பிளக்கில் மாட்டிப் பார்க்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் வாடிக்கையாளர் ஒருவர் வந்து செயினை மேசையில் போட்டார். “உங்கட மெசின் எங்கட செயினத் திண்டுட்டே, நானா” என்றார். பற்களின் நுனி நீலம் பாய்ந்திருந்தது. ஒரு பக்கப் பற்கள் குட்டையாகவும் மறுபக்கப் பற்கள் நீளமாகவும் இருந்தன. “நீங்கள் அழுத்திப் பிடித்திருப்பீர்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு மனம் கேட்கவில்லை. மெசின் ஒன்றைப் பிரித்து எனது செயினையே சாணை பிடித்துப் பார்த்தேன். செயினைப் பிடிக்கும் கவ்வி தளர்ந்து ஆடியது. ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு அளவில் தேய்ந்தது.

அவர் அழுத்தியதும் உண்மைதான். கல்லை ஒரு பல்லில் ஓரிரு விநாடிக்கு மேல் வைத்தால் இரும்பு சூடேறி நீலமாகிவிடும். அதன் பதம் கெட்டு, கூர் நிற்காது. தொட்டு எடுக்க வேண்டும், திரும்பவும் தொட வேண்டும். ஆனால் இதை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையே! பற்கள் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் வாள் ஒரு பக்கமாக இழுத்து வளைந்து வெட்டும். மழுங்கிய வாளை ஆள் பலம் கொண்டு அழுத்துவார். விபத்து அங்கேதான் ஆரம்பிக்கின்றது.

ஆகவே கொள்வனவு செய்யும் முன் நாம் கவனிக்க வேண்டியவை சில. முதலாவது கவ்வி. செயினை மாட்டி விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். அடுத்தது கல். வீட்டுச் செயின்சோக்களில் பெரும்பாலும் 3/8 லோ புரொபைல் செயின்தான் வருகின்றது. அதற்கு 3.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள கல் பொருந்தும். பெரிய 3/8, .404 செயின்களுக்கு 4.7 மில்லிமீற்றர் கல் வேண்டும். கல்லில் எழுதியுள்ள உச்ச வேகம் மெசினின் சுழற்சி வேகத்துக்குக் குறைந்ததாக இருக்கக் கூடாது. மேலதிகக் கல் தனியாகக் கிடைக்காத மெசினை விற்பதென்பது, ஒரு கல் தேய்ந்ததும் குப்பைக்குப் போகும் பொருளை விற்பதாகும். மோட்டார் 85 வொட் இருந்தால் வீட்டுப் பாவனைக்குப் போதும். 110 வோல்ட் என்று எழுதியிருந்தால் எமது 230 வோல்ட் மின்சாரத்தில் எரிந்துவிடும். சாய்வு அளவு தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அநேகமான செயின்களுக்கு 30 பாகை.

பல்லுக்கு முன்னால் உள்ள சிறு மேட்டையும் மறக்கக் கூடாது. பலமுறை சாணை பிடித்தால் பல் தாழ்ந்துவிடும், மேடு அப்படியே நிற்கும். பிறகு எவ்வளவு கூராக இருந்தாலும் வாள் மரத்தில் இறங்காது, தூள்தான் பறக்கும். பல்லைவிட அந்த மேடு ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்கும்படி தட்டை அரத்தால் அராவ வேண்டும்.

இன்னொன்று. வருடத்தில் இரண்டு மூன்று தடவை விறகு வெட்டுபவருக்கு மெசினே தேவையில்லை. 4 மில்லிமீற்றர் வட்ட அரம் ஒன்று போதும். பல்லுக்கு மூன்று நான்கு இழுவை இழுத்தால் கூர் வந்துவிடும். செயினும் நீண்ட காலம் உழைக்கும். அரத்தில் எமக்குக் கிடைக்கும் இலாபம் சொற்பம்தான். ஆனாலும் அந்த வாடிக்கையாளர் அடுத்த செயினுக்கும், ஓயிலுக்கும், வீட்டுக்குப் பெயின்றுக்கும் எம்மிடமே வருவார்.

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் எமக்குத் தெரியாததல்ல. ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கின்றோம்! குறை மறைக்கப்பட்ட பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது பிக்ஹ் சட்டம். நாமோ “விற்ற பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது” என்று எழுதித் தொங்கவிட்டுப் பள்ளிக்குப் போகின்றோம். எனது கடையிலும் அந்தப் பலகை இருந்தது.

மறுநாள் அந்தச் சகோதரரின் வீட்டுக்கே சென்று மன்னிப்புக் கேட்டேன். மெசினை எடுத்துப் பணத்தைத் திருப்பினேன். புதுச் செயினும் ஒரு வட்ட அரமும் கொடுத்தேன். விற்ற ஏனைய மெசின்களையும் திருப்பி எடுத்தேன். மொத்த வியாபாரி ஏற்கவில்லை, நஷ்டம் எனக்குத்தான். மோட்டார்களைக் கழற்றிவிட்டு மீதியை இரும்புக் கடைக்குப் போட்டேன். பலகையையும் கழற்றிவிட்டேன்.

மலிவான பொருளை விற்பது குற்றமல்ல. ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் அது தேவை. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று சொல்லி விற்பதே எம் கடமை. கடைக்கு வந்த பொருளை முதலில் நாமே பாவித்துப் பார்ப்போம். அதிலேதான் பரக்கத் இருக்கின்றது.