கொழுந்தின் இரசாயனமும் நிறுவைத் தராசும்

தேயிலையை 'ஆரோக்கியமானது' எனப் பொதியில் குறிப்பிடுவதற்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் வழிவிட்டது. பச்சைத் தேயிலையின் கட்டெச்சின்களைக் கொண்ட, மருக்களுக்கான களிம்பொன்றை 2006 இல் மருந்தாக அங்கீகரித்ததும் அதே நிர்வாகமே. 1883 இல் கொழும்பில் தேயிலை ஏலம் ஆரம்பமான நாள் தொட்டு சுவைப்போரின் நாவே விலையைத் தீர்மானித்து வந்துள்ளது. இன்று ஆய்வுகூடமும் அதில் பங்கு கேட்கின்றது. இம்மாற்றத்தினால் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கிடைக்கப் போவது என்ன?

இளங்கொழுந்தின் உலர் நிறையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை பொலிபீனோல்களே. அவற்றுள் பெரும்பகுதி கட்டெச்சின்களாகும். மொட்டிலும் முதலாவது இலையிலும் செறிந்திருக்கும் இவை, இலை முற்ற முற்றக் குறைந்து செல்கின்றன. கபீனின் நிலையும் அதுவே. தொழிற்சாலையில் கொழுந்து உருட்டப்படும்போது கலங்கள் உடைந்து, இலையிலுள்ள நொதியம் காற்றின் ஒட்சிசனுடன் சேர்ந்து கட்டெச்சின்களைத் தியாபிளேவின்களாகவும் தியாரூபிஜின்களாகவும் மாற்றுகின்றது. தேநீரின் பளபளப்புக்கும் சுறுசுறுப்பான சுவைக்கும் காரணமான தியாபிளேவின், கறுப்புத் தேயிலையில் பெரும்பாலும் 2 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. ஆயினும் அச்சிறு அளவு நல்ல தேநீரைச் சாதாரண தேநீரிலிருந்து பிரித்துக் காட்டுகின்றது. மூலக் கொழுந்தில் இல்லாததை எந்த இயந்திரமும் பின்னர் சேர்த்துவிட முடியாது.

அதாவது, இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் தெரிந்து கிள்ளும் விரல்களிலேயே தரம் ஆரம்பமாகின்றது. ஆனால் அவ்விரல்களுக்குரிய கூலியோ கிலோவினால் அளக்கப்படுகின்றது. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, பறிக்க வேண்டிய கிலோ அளவு உயர்த்தப்பட்டதாகத் தோட்டங்கள் பலவற்றிலிருந்தும் முறைப்பாடுகள் எழுந்தன. நிறையை எட்டாவிட்டால் சம்பளம் வெட்டப்படும் என்ற அச்சத்தில் முற்றிய இலையும் கூடைக்குள் விழுவது இயல்பே. உற்பத்திச் செலவு பற்றிய கம்பனிகளின் வாதத்தில் நியாயம் இல்லையென்று கூறுவதற்கில்லை. எனினும் நிறையை மாத்திரம் கேட்டுவிட்டுத் தரம் குறைந்ததெனக் குறைகூறுவது முரண்பாடாகும்.

இரசாயனப் பகுப்பாய்வு எமக்கு அறிமுகமானது பெரும்பாலும் குற்றப்பத்திரிகையாகவே. 2015 இல் கிளைபோசேற்று தடைசெய்யப்பட்ட பின் தோட்டங்கள் மாற்றுக் களைநாசினிகளை நாடின. அவற்றிலொன்றின் எச்சம், யப்பானின் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற எல்லையை மீறியதாக எழுந்த சிக்கலை ஏற்றுமதியாளர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. குற்றத்தைக் கண்டுபிடிக்கும் கருவியால் தரத்தையும் நிரூபிக்க முடியும். ஆனால், தேநீர் நோய்களைத் தீர்க்கும் என்ற மிகையான விளம்பரங்களுக்கு அது துணைபோகக் கூடாது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் கட்டெச்சின் சாற்றை மாத்திரைகளாக உட்கொள்வது ஈரலைப் பாதிக்கக்கூடும் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018 இல் எச்சரித்தமை குறிப்பிடத்தக்கது.

1925 இல் உருவாகி, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் நூறாண்டைக் கடந்துள்ளது. கொழுந்தின் பொலிபீனோல் அளவைச் செந்நிறக் கீழ்க் கதிர்களைக் கொண்டு சில நிமிடங்களில் மதிப்பிடும் முறைகள் உலகில் இன்று உள்ளன. அவற்றைத் தொழிற்சாலை வாசலுக்குக் கொண்டுவந்து, சில தோட்டங்களிலாவது கொழுந்தின் தரத்துக்கேற்ப மேலதிகக் கொடுப்பனவை வழங்கிப் பார்க்க நிறுவகமும் கம்பனிகளும் முன்வர வேண்டும். அக்கொடுப்பனவு அடிப்படைச் சம்பளத்துக்கு மேலதிகமாக அமைய வேண்டுமேயன்றி, அதற்குப் பதிலாக அல்ல. அளவீட்டின் முடிவைத் தொழிலாளி தன் கண்ணால் பார்க்கும் உரிமையும் எழுத்தில் உறுதிசெய்யப்படுதல் அவசியம். நிறுவைத் தராசில் கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றி மலையகத்தில் நெடுங்காலமாக எழுந்துவரும் முறைப்பாடுகள் இன்னும் ஓய்ந்தபாடில்லை.