தெளிவான் கொந்தளிப்பும் தாய்மொழி அறிவிப்பும்

பிள்ளைப்பாக்கம் தொழிற்பேட்டைச் சாலையில் நின்று அண்ணாந்து நோக்கினால், மீனம்பாக்கம் நோக்கித் தாழ்ந்துவரும் வானூர்திகளைக் காணலாம். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் மகனோ, உம்ரா முடித்துத் திரும்பும் பெற்றோரோ அவற்றுள் இருக்கக்கூடும். அவர்களது பாதுகாப்பு நம் கவலையும் ஆகும்.

புயலும் மழையும் வானூர்திக்குப் பகை என்பதை அனைவரும் அறிவர். மேகமற்ற நீலவானிலும் ஆபத்து உண்டு என்பதைப் பலரும் அறியார். அதனைத் 'தெளிவான் கொந்தளிப்பு' என நாம் தமிழில் வழங்கலாம். பத்துக் கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் தாரைக்காற்றுகள் ஆறுபோல் விரைகின்றன. அவற்றின் ஓரங்களில் காற்றின் வேகம் திடீரென மாறுபடுவதால் சுழல்கள் எழுகின்றன. தென்மேற்குப் பருவக் காலத்தில் நம் தென்னாட்டின் மேலும் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு தாரைக்காற்று வீசுகிறது. அதனை 1958-இல் ஆய்வுலகிற்கு விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம்.

வானூர்தியின் ரேடார் மழைத்துளிகளைக் காட்டும், வெறுங்காற்றைக் காட்டாது. 1966 மார்ச் 5 அன்று ஜப்பானின் பியூஜி மலையருகே, தெளிந்த வானில், கொந்தளிப்பால் ஒரு பயணியர் வானூர்தி சிதைந்து 124 பேர் மாண்டனர். இன்றைய வானூர்திகள் அவ்வாறு சிதைவது மிக அரிது. ஊறு நேர்வது பெரும்பாலும் உள்ளிருப்போர்க்கே. வட அட்லாண்டிக்கில் கடும் தெளிவான் கொந்தளிப்பு 1979-க்கும் 2020-க்கும் இடையே 55 விழுக்காடு பெருகியதாக இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வு கூறுகிறது.

2024 மே 21 அன்று, இலண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற வானூர்தி மியன்மாரின் மேல் குலுங்கியது. மேகம் திரண்டுவந்த பகுதியாதலின் அதனைத் தெளிவான் கொந்தளிப்பு என அறுதியிட இயலாது. எனினும் பாடம் ஒன்றே. இருக்கை வார் அணிவதற்கான விளக்கு எரிந்ததாக விமானி கூறிய எட்டாம் வினாடியில் பேரதிர்வு நேர்ந்தது என்கிறது முதற்கட்ட விசாரணை அறிக்கை. வார் அணியாதோர் மேலெழும்பி, நான்கே வினாடிகளில் கீழே வீழ்ந்திருக்கக்கூடும் என்றும் அது கூறுகிறது. ஒருவர் உயிரிழந்தார், பலர் படுகாயமுற்றனர். எட்டு வினாடியில் முதியவர் ஒருவர் வாரைத் தேடிப் பூட்ட இயலுமா? ஆதலின் விளக்கு அணைந்த பின்னும், அமர்ந்திருக்கும் வரை வார் பூட்டியே இருத்தல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் மேற்கொண்ட பயணத்தில், அருகிருந்த பெரியவர் வாரின் இருமுனைகளையும் மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தார். ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒலித்த அறிவிப்பு அவருக்கு விளங்கவில்லை. நாமே பூட்டிவிட்டோம். பயணியருள் பெரும்பாலோர் தமிழராயிருந்தும் தமிழில் ஒரு சொல்லும் ஒலிக்கவில்லை.

தமிழகத்திலிருந்து புறப்படும் வானூர்திகளில் பாதுகாப்பு அறிவிப்பு தமிழிலும் ஒலித்தல் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. இது மொழிப்பற்றால் மட்டும் எழுந்ததன்று, உயிர்காப்புப் பற்றியது. 'வானவூர்தி' என்னும் சொல்லைப் புறநானூற்றிலேயே ஆண்ட மொழிக்கு, "வாரைப் பூட்டிக்கொள்ளுங்கள்" எனக் கூறுவது அரிதன்று. அதுவரை, பயணம் புறப்படும் தம் வீட்டுப் பெரியோர்க்கு இதனை எடுத்துரைப்பது மாணவச் செல்வங்களின் கடமையாகும்.