ஒரு மூடி ஊத்தினால் தீராத சிவப்பு

பெரியம்மாவின் மகன், எங்கட அண்ணா, கோண்டாவில் வீட்டு ஹோலில் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறார். 200 லீற்றர். உயிர்ப்பாறை, ரெண்டு கோமாளி மீன், கொஞ்சம் மென்பவளம். போன வருசம் அதில் மணல் சிவந்தது. முதலில் ஒரு மூலையில் கறை மாதிரி இருந்தது, ஒரு கிழமையில் வெல்வெட் துணி விரித்ததுபோலப் பாறையெல்லாம் மூடிவிட்டது. கடைக்காரர் போனிலேயே தீர்ப்புச் சொன்னார்: "செம்பாசிதான் தம்பி. மருந்து இருக்கு. ஒரு மூடி ஊத்துங்கோ, ரெண்டு நாளில கிளீன்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு மூடிக்கு எதிரானது.

முதல் விசயம், அது பாசியே இல்லை. சயனோபற்றீரியா. ஒளித்தொகுப்புச் செய்கிற பற்றீரியா. பைக்கோஎரித்திரின் என்கிற நிறப்பொருள்தான் அதைச் சிவப்பாக்குது. பகலில் அந்தப் படலத்தில் ஒட்டியிருக்கிற குமிழிகள் அது விடுகிற ஒட்சிசன். இவற்றின் மூதாதையர்தான் 200 கோடி வருசத்துக்கும் முதல் பூமியின் வளியில் ஒட்சிசனைச் சேர்த்தவை.

பற்றீரியா என்றபடியால்தான் அந்தப் போத்தல் வேலை செய்யுது. இப்படியான மருந்துகள் பலவற்றில் இருப்பது எரித்ரோமைசின். தொண்டை நோவுக்கு டொக்டரிட்ட துண்டு வாங்கிக் குடிக்கிற அதே அன்ரிபயோட்டிக். மீன் தொட்டிக்கு எண்டால் துண்டும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம். 48 மணித்தியாலம் கழித்துத் தண்ணியில் ஒரு பங்கை மாத்தச் சொல்லிப் போத்தலில் எழுதியிருந்தது. அந்தத் தண்ணி எங்க போகும்? அண்ணா வாளியோட கொண்டுபோய் வாழையடியில் ஊத்தினார். வாழையிலிருந்து கிணறு கூப்பிடு தூரம்கூட இல்லை. கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஊத்துறது இறங்காமல் எங்க நிக்கப்போகுது? மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி மேடையில் பேசுகிற நாங்கள், ஒரு மூலைச் சிவப்புக்காக அன்ரிபயோட்டிக்கை மண்ணுக்குள் விடுகிறோம்.

"ஆனா மருந்து வேலை செய்ததுதானே?" செய்தது. ரெண்டாம் நாள் மணல் வெள்ளை. மூன்றாம் கிழமை திரும்பவும் சிவப்பு. ஏன் எண்டு யோசிக்கப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. செத்த படலம் தொட்டிக்குள்ளேயே அழுகி, தான் தின்ற பொசுபேற்றையும் நைதரசனையும் தண்ணிக்கே திருப்பிக் கொடுக்குது. சாப்பாடு அப்படியே இருக்க, சாப்பிட வந்ததை மட்டும் கொன்றால் வேறென்ன நடக்கும்?

சாப்பாடு எங்கயிருந்து வந்தது? பாதி அண்ணாவின் கையால். மீனுக்கு ஒரு நாளைக்கு மூன்று தரம் போட்டார். மீதி கிணத்திலிருந்து. ஆவியாகிக் குறைகிற அளவுக்கு ஒவ்வொரு நாளும் கிணத்துத் தண்ணி ஊத்தினார். ஆவியாகிறது தண்ணி மட்டும்தான். அதிலிருக்கிற நைத்திரேற்று தொட்டியிலேயே தங்கும், நாளுக்கு நாள் சேரும். ஒரு நாள் சும்மா ஒரு யோசினையில், தொட்டிக்கு வாங்கின சோதனைப் பெட்டியால் கிணத்துத் தண்ணியையே பார்த்தோம். மஞ்சளாக நிற்க வேண்டிய குழாய் சிவந்துபோச்சு.

யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று கூட என்பது புதுக் கதை இல்லை. தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் இறங்குவதை ஆய்வாளர்கள் பல வருசமாகச் சொல்லுறாங்க. குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டின தண்ணியில் பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போகலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. அந்தக் கிணத்துத் தண்ணியைத்தான் பெரியம்மா வீடு குடிக்குது. அந்த வீட்டில் அப்போது அக்காவின் நாலு மாதப் பிள்ளையும் இருந்தது.

ஒரு மூடி மருந்து திரும்பவும் வேலை செய்திருந்தால் நாங்கள் கிணத்தைப் பார்த்தே இருக்க மாட்டோம். எனக்கு அந்தப் போத்தலில் உள்ள பெரிய கோபம் அதுதான்.

பிறகு செய்தது இவ்வளவுதான்: றப்பர் குழாயால் படலத்தை உறிஞ்சி எடுத்தோம், ஒவ்வொரு தரமும் பத்தில் ஒரு பங்கு தண்ணியோட. சாப்பாடு ஒரு நேரம். தண்ணி தேங்கிக் கிடந்த மூலைக்குப் பம்பைத் திருப்பினோம். உப்புக் கரைக்கவும் குறைகிறதை நிரப்பவும் ஆர்.ஓ. தண்ணி மட்டும். ஒன்றரை மாதம் போச்சு. அலுப்பான வேலைதான், அண்ணா பேசாத பேச்சில்லை. ஆனால் சிவப்பு திரும்பி வரவில்லை. பிள்ளைக்கும் இப்ப பால் கரைக்கிறது ஆர்.ஓ. தண்ணியில்தான்.

உங்கட வீட்டுத் தொட்டி சிவந்தால் கடைக்குப் போன் எடுக்க முதல், ஒரு போத்தல் கிணத்துத் தண்ணியைச் சோதிச்சுப் பாருங்கோ. தொட்டியே இல்லாட்டியும் பாருங்கோ.